கல்லூரி நினைவு மக்: வேலூர்ப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பேட்ச் சந்திப்பு, வெள்ளி விழா, பழைய மாணவர் சங்கக் கூட்டம் என்று ஏதாவது வந்தால் யாராவது ஒருவர் "மக் அடிச்சுக் கொடுத்துடலாம்" என்பார். அந்தப் பொறுப்பு உங்கள் தலையில் விழுந்திருந்தால் இந்தப் பக்கம் உங்களுக்குத்தான். ஏற்கெனவே கல்லூரி மக்குகளைச் சேர்த்து வைப்பவர்களுக்கான கேள்விகள் கடைசிப் பகுதியில் உள்ளன.

பேர் போட்ட மக்குக்கும் நினைவு மக்குக்கும் என்ன வித்தியாசம்?

கல்லூரி முத்திரையும் பேரும் மட்டும் இருந்தால் அது அலுவலகப் பொருள். கூட்டம் முடிந்ததும் பேனா போட்டு வைக்கப் போய்விடும். அங்கே படித்தவர் மட்டும் பார்த்ததும் "அட, இது அந்தப் படிக்கட்டு" என்று சொல்லும்படி ஒரு இடமோ ஒரு வழக்கமோ இருந்தால்தான் எடுத்து வைப்பார்கள். படம் குறைவாக இருக்கட்டும், ஆனால் சரியாக இருக்கட்டும். ஆண்டு தவறிய மக்கைப் பழைய மாணவர்கள் ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவார்கள்.

தொடங்கிய ஆண்டு என்று எதைப் போடுவது? எங்கள் கமிட்டியில் இரண்டு ஆண்டுகள் சொல்கிறார்கள்.

இரண்டுமே சரியாக இருக்கலாம். வேலூர் நிறுவனங்களில் பலவற்றுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட "தொடக்கம்" உண்டு. கிறித்தவ மருத்துவக் கல்லூரியான சி.எம்.சி.யை எடுத்துக்கொள்ளுங்கள். ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு மருந்தகம் தொடங்கியது 1900. பெண்களுக்கான மருத்துவப் பள்ளி வந்தது 1918. அது எம்.பி.பி.எஸ். படிப்பாக உயர்ந்தது 1942. ஆண்களைச் சேர்த்துக்கொண்டது 1947. வெறுமனே "1900 முதல்" என்று போட்டு மேலே கல்லூரிப் படத்தை வைத்தால், விவரம் தெரிந்தவர் அது மருத்துவமனையின் ஆண்டு என்பார். "1918" என்று போட்டுக் கீழே மருத்துவமனைப் படம் வைத்தாலும் அதே கதைதான்.

வி.ஐ.டி. 1984இல் வேலூர் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கி, 2001இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆனது. 1999இல் முடித்த பேட்சுக்கு மக் அடிப்பவர்கள் இன்றைய முத்திரையைப் போடுவதா, அன்றைய பேரைப் போடுவதா என்று முதலிலேயே முடிவெடுக்க வேண்டும். பழைய பேரைப் போட்ட மக்தான் பேச வைக்கும். ஊரிசுக் கல்லூரிக்கு 1898, காட்பாடி ஆக்சீலியம் கல்லூரிக்கு 1954, திருவள்ளுவர் பல்கலைக்கழகத்துக்கு 2002. இவற்றில் குழப்பம் இல்லை.

ஆண்டை எண்ணாக மட்டும் விடாமல் பக்கத்தில் ஒரு சொல் சேர்த்துவிடுங்கள். "மருத்துவப் பள்ளி, 1918" என்று போட்டால் சண்டை அங்கேயே முடிந்தது.

எந்தப் பல்கலைக்கழகத்தின் சின்னத்தைப் போட வேண்டும்?

பட்டச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். திருவள்ளுவர் பல்கலைக்கழகம் 2002இல் வருவதற்கு முன்பு இந்தப் பகுதிக் கலை, அறிவியல் கல்லூரிகள் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்தவை. 1995இல் வேலூரில் பி.எஸ்சி. முடித்தவரின் மக்கில் திருவள்ளுவர் பல்கலைக்கழகச் சின்னம் இருந்தால் அவருக்கு அது யாருடையதோ போலத்தான் இருக்கும். இரண்டு காலத்து மாணவர்களும் வரும் சந்திப்பு என்றால் பல்கலைக்கழகச் சின்னத்தை விட்டுவிட்டுக் கல்லூரியை மட்டும் வைத்துக்கொள்வது நல்லது.

மாவட்டப் பேருக்கும் இது பொருந்தும். 1989 வரை திருவண்ணாமலையும் சேர்ந்த பெரிய வட ஆற்காடு. அதன் பிறகு வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம், அதற்கும் பிறகு வேலூர் மாவட்டம். 2019இல் அது வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றானது. மேல்விஷாரம் அப்துல் ஹக்கீம் கல்லூரி இன்று ராணிப்பேட்டை மாவட்டத்தில் இருக்கிறது. வாணியம்பாடி இசுலாமியா கல்லூரி திருப்பத்தூர் மாவட்டத்தில். 1970களில் படித்தவர்களின் மக்கில் "வட ஆற்காடு" என்று போடுங்கள், முகம் மலர்ந்துவிடும்.

கல்லூரி மக்கில் வேலூர்க் கோட்டையைப் போடலாமா?

போடலாம், காரணம் இருந்தால். திருவள்ளுவர் பல்கலைக்கழகம் சேர்க்காட்டு வளாகத்துக்குப் போவதற்கு முன் கோட்டைக்குள்தான் இயங்கியது. அந்தக் காலத்தில் படித்தவர்களுக்கு அகழியும் மதிலும் வளாகத்தின் பகுதியேதான். மற்றக் கல்லூரிகளுக்குக் கோட்டை பின்னணியாக, மெல்லிய கோடாக, அடியில் ஓடினால் போதும். நடுவில் பெரிதாகக் கோட்டையை வைத்தால் சுற்றுலாத் துறை மக் ஆகிவிடும்.

வரைபவருக்கு ஒரு எச்சரிக்கை. ஜலகண்டேசுவரர் கோயில் கோபுரத்தின் நிலைகளை எண்ணித்தான் வரைய வேண்டும். இணையத்தில் "கோபுரம்" என்று தேடிக் கிடைத்த ஏதோ ஒரு கோபுரத்தை ஒட்டுவது அடிக்கடி நடக்கிறது. வேலூர்க்காரர்கள் அதை ஒரு பார்வையிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள்.

தண்ணீரில்லா ஆறு, மரமில்லா மலை, ராஜா இல்லாக் கோட்டை, சாமியில்லாக் கோயில் என்று இந்த ஊரைக் கிண்டல் செய்யும் பழைய பேச்சைப் போட ஆசைப்படுகிறவர்களும் உண்டு. நகைச்சுவை நன்றாகவே எடுபடும். ஆனால் 1981இல் கோயிலில் மீண்டும் லிங்கம் வைத்து வழிபாடு தொடங்கிவிட்டதால் கடைசி வரி அதற்கு முந்தைய பேட்சுக்கு மட்டுமே செல்லும்.

மரபுகளை எப்படிப் படமாக்குவது? கட்டடம் என்றால் வரையலாம், பழக்கத்தை எப்படி வரைவது?

பொருளைப் பிடியுங்கள். விடுதி மெஸ் தட்டு, பஸ் பாஸ், காட்பாடி ஜங்ஷன் பெயர்ப் பலகை, பெட்டிக்கடை பெஞ்சு, பட்டமளிப்பு அங்கியின் தோள்பட்டை நிறம், விளையாட்டு விழாவில் அந்தந்த அணியின் கொடி. ரிவியரா, கிராவிட்டாஸ் போன்ற விழாக்கள் வி.ஐ.டி. மாணவர்களுக்கு முக்கியம், ஆனால் விழா லோகோ ஆண்டுதோறும் மாறும் என்பதால், அந்தப் பேட்ச் இருந்த ஆண்டின் லோகோவா என்று பாருங்கள். ஊரிசுக் கல்லூரிக்கு இன்னொன்று உண்டு: சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் அங்கே படித்தவர். செப்டம்பர் 5 ஆசிரியர் தினத்துக்கு மக் கொடுக்கிறவர்களுக்கு அதைவிடப் பொருத்தமான வரி வேறு கிடைக்காது.

ஒரு மக்கில் மூன்று விஷயம் போதும். ஏழெட்டுப் படங்களைச் சேர்த்தால் ஒவ்வொன்றும் தபால்தலை அளவுக்குச் சுருங்கி, எதுவுமே தெரியாமல் போகும்.

புகைப்படமா, கோட்டோவியமா?

கோட்டோவியம். கட்டடப் புகைப்படத்தில் பாதி இடத்தை வானமும் நிறுத்தியிருக்கும் வண்டிகளும் எடுத்துக்கொள்ளும். தவிரவும் சப்ளிமேஷன் மை (தாளில் அச்சிட்டுச் சூட்டில் மக்குக்கு ஏற்றும் மை) நாள்பட வெளுக்கும்போது புகைப்படம் நோயாளி முகம்போல் ஆகிவிடும். ஒற்றை நிறக் கோடு வெளுத்தாலும் பழைய அச்சுப் படம்போல் பார்க்க நன்றாகவே இருக்கும். கோட்டின் தடிமன் 0.3 மில்லிமீட்டருக்குக் கீழே போக வேண்டாம்.

ஆட்கள் இருக்கும் படம் மட்டும் விதிவிலக்கு. பேட்ச் குரூப் போட்டோவை ஓவியமாக்க முயலாதீர்கள், யாருக்கும் அவரவர் முகம் பிடிக்காது.

டிசைன் என்ன அளவில் இருக்க வேண்டும்?

கடைகளில் கிடைக்கும் சாதாரண வெள்ளை மக் 11 அவுன்ஸ், அதாவது சுமார் 325 மில்லி. உயரம் 95 மில்லிமீட்டர், விட்டம் 82. சுற்றளவு ஏறத்தாழ 257 மில்லிமீட்டர் வரும். பிடி இருக்கும் பக்கம் அச்சாகாது என்பதால் கைக்கு வருவது 200 மில்லிமீட்டர் அகலம், 90 மில்லிமீட்டர் உயரம். 300 டி.பி.ஐ.யில் அது 2362க்கு 1063 பிக்சல். மேலும் கீழும் ஓரத்தில் 5 மில்லிமீட்டர் எழுத்தே இல்லாமல் விடுங்கள்.

இப்போது பலரும் தவறவிடும் கணக்கு. மக்கை வலக்கையில் பிடித்துக் குடிக்கிறவரின் கண்ணுக்கு நேராக இருக்கும் இடம் டிசைனின் நடு அன்று. பிடியிலிருந்து கால் சுற்றுத் தள்ளி, அதாவது விரித்த டிசைனின் வலது ஓரத்திலிருந்து சுமார் 36 மில்லிமீட்டரில் இருக்கிறது. எதிரே உட்கார்ந்திருப்பவர் பார்ப்பது இடது ஓரத்திலிருந்து 36 மில்லிமீட்டர். நடுவில் 100 மில்லிமீட்டரில் வைத்த படம் பிடிக்கு நேர் எதிர்ப்புறம் போய்விடும்; மக்கைத் திருப்பினால்தான் தெரியும். ஒரே பார்வையில் தெரியும் அகலம் 70 மில்லிமீட்டர்தான். ஆகவே குடிப்பவருக்கு நெருக்கமான படத்தை வலப்பக்கமும், கல்லூரிப் பேரை இடப்பக்கமும் வையுங்கள். நடு இடத்தை மதில், மரவரிசை, மலைக்கோடு மாதிரி இரண்டையும் சேர்க்கும் ஏதாவதால் நிரப்புங்கள்.

ஒரு தாளை 200க்கு 90 அளவில் வெட்டி, பென்சிலால் கிறுக்கி, வீட்டு மக்கில் சுற்றிப் பார்த்தால் இதெல்லாம் ஒரு நிமிடத்தில் புரிந்துவிடும்.

தமிழ் எழுத்து ஏன் உடைந்து வருகிறது?

இரண்டு காரணங்கள். ஒன்று, பழைய எழுத்துரு. பாமினி போன்ற எழுத்துருவில் தட்டிய வாசகத்தை யூனிகோடு எழுத்துருவில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். அது உடனே கண்ணில் படும் என்பதால் ஆபத்து குறைவு. இரண்டாவதுதான் ஆபத்து: வாசகம் யூனிகோடுதான், ஆனால் டிசைன் மென்பொருள் தமிழைச் சரியாகக் கோக்காது. "கொ" என்பதில் கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் வர வேண்டும். அது தெரியாத மென்பொருள் "க" எழுதி, கொம்பையும் காலையும் பின்னால் தள்ளி, நடுவில் புள்ளிவட்டம் போட்டுவிடும். "வேலூர்", "கோட்டை", "கல்லூரி" மூன்றையும் தட்டிப் பாருங்கள். "கோ", "வே" இரண்டும் ஒழுங்காக வந்தால் மற்றவை பெரும்பாலும் வரும்.

போட்டோஷாப்பில் எழுத்து விருப்பங்களில் தெற்காசிய மொழிகளுக்கான எஞ்சினைத் தேர்ந்தெடுத்தால் சரியாகும். கோரல் டிராவில் வேலை முடிந்ததும் எழுத்துகளைக் கர்வ் ஆக, அதாவது வெறும் கோட்டு உருவமாக, மாற்றச் சொல்லுங்கள். அப்போதுதான் அச்சிடும் கடையின் கணினியில் அந்த எழுத்துரு இல்லாவிட்டாலும் உருவம் மாறாது. மாற்றுவதற்கு முன் ஒரு நகலைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள், பிறகு பிழை திருத்த முடியாது.

எழுத்தின் அளவு 8 புள்ளிக்குக் கீழே போனால் ண, ஞ, ஐ போன்றவற்றின் சுழிகள் அடைத்துக்கொள்ளும். குறள் போடுகிறவர்கள் முதல் வரியில் நான்கு சீர், இரண்டாவதில் மூன்று சீர் என்பதை மறக்க வேண்டாம். இடம் பற்றவில்லை என்று ஐந்தும் இரண்டுமாக மடக்கிய மக்குகள் இருக்கின்றன. வள்ளுவர் பேரில் இருக்கும் பல்கலைக்கழகத்துக்கு அது அழகில்லை.

கோப்பை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாதீர்கள், அது சுருக்கிவிடும். டாக்குமென்ட் என்று தேர்ந்தெடுத்து பி.டி.எஃப்.பாக அனுப்புங்கள்.

யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்?

முத்திரை, லோகோ, கொள்கை வாசகம் இவற்றுக்குக் கல்லூரி என்றால் முதல்வரிடமும், பல்கலைக்கழகம் என்றால் பதிவாளரிடமும் எழுத்தில் வாங்குங்கள். இலவசமாகக் கொடுப்பதாக இருந்தாலும் வாங்குவது நல்லது; விற்பதாக இருந்தால் கட்டாயம். கட்டடத்தை நீங்களே வரைந்தோ படமெடுத்தோ பயன்படுத்த 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஆனால் அடுத்தவர் எடுத்த புகைப்படத்துக்கு அவர் சம்மதம் வேண்டும். இணையத்தில் கிடந்தது என்பது சம்மதம் ஆகாது.

முத்திரையில் அசோகச் சிங்கமோ தமிழ்நாடு அரசின் கோபுரச் சின்னமோ இருந்தால் அதை மக்கில் போடவே வேண்டாம். அரசுச் சின்னங்களை விற்பனைப் பொருளில் பயன்படுத்துவதைத் தடுக்கத் தனிச் சட்டங்கள் இருக்கின்றன.

சப்ளிமேஷனா, டீக்கல் சுட்டதா? எது நல்லது?

சப்ளிமேஷனில் மை ஆவியாகி மக்கின் மேல் பூசிய பாலியெஸ்டர் பூச்சுக்குள் போய் உட்காருகிறது. பீங்கானைத் தொடுவதே இல்லை. பூச்சு தேய்ந்தால் படமும் போகும். டீக்கல் முறையில், தாளில் அச்சிட்டு மக்கில் ஒட்டிய கனிமப் பொடி நிறங்கள் சூளையில் சுமார் 800 டிகிரியில் கண்ணாடி மெருகோடு ஒட்டிக்கொள்கின்றன. அது பேரன் காலம்வரை இருக்கும்.

ஆனால் டீக்கலுக்கு ஒவ்வொரு நிறத்துக்கும் தனி ஸ்கிரீன் (அச்சடிக்கும் சட்டம்) செய்ய வேண்டும். ஒரு மக் அடித்தாலும் நூறு அடித்தாலும் அந்தச் செலவு ஒன்றே. அதனால் நூறுக்குக் கீழே கட்டாது. சப்ளிமேஷனில் ஒவ்வொரு மக்கிலும் வேறு பேர் போடலாம், இரண்டே மக் கூட அடிக்கலாம், அன்றே கையில் கிடைக்கும். இருபது பேர் கூடும் சந்திப்புக்குச் சப்ளிமேஷன். நூற்றாண்டு விழாவுக்கு, வருடா வருடம் ஒரு வரிசையாக வெளியிட, டீக்கல். ஒன்றிரண்டு நிறத்தில் கோட்டோவியமாக வைத்துக்கொண்டால் டீக்கல் செலவும் பாதியாகக் குறையும்.

டீக்கலுக்கான வெறும் மக்குகள் உத்தரப் பிரதேசத்துக் குர்ஜாவிலிருந்து வருகின்றன. ராணிப்பேட்டையில் கிடைக்காதா என்று கேட்பவர்கள் உண்டு. அங்கே பீங்கான் தொழில் பழையதுதான், ஆனால் பேர்போனது வாஷ் பேசினும் கழிப்பறைச் சாமானும். உள்ளூர் அடையாளம் வேண்டும் என்றால் கரிகிரிப் பாண்டங்களின் பச்சை மெருகைப் பார்த்து அதே பச்சையை டிசைனின் நிறமாக எடுத்துக்கொள்ளலாம்.

கடையில் சப்ளிமேஷன் போடும்போது என்ன கவனிக்க வேண்டும்?

முதலில் தாள். அச்சான தாளில் தமிழ் நேராகப் படிக்க வந்தால் வேலை கெட்டது என்று அர்த்தம். அது கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறி இருக்க வேண்டும். "அண்ணே, மிரர் போட்டாச்சா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார்.

மக்கை உலர்ந்த துணியால் துடைத்து, தாளை மையுள்ள பக்கம் உள்ளே வருமாறு இறுக்கிச் சுற்றி, இரண்டு முனையிலும் ஹீட் டேப் ஒட்டுவார்கள். தாளுக்கும் மக்குக்கும் நடுவே நகம் நுழையும் இடைவெளிகூட இருக்கக்கூடாது. பிறகு 180 முதல் 200 டிகிரி சூட்டில் மக் பிரஸ்ஸில் 150 முதல் 180 விநாடி. வெளியே எடுத்ததும் சூட்டோடு சூடாக ஒரே இழுப்பில் தாளை உரிக்க வேண்டும். பாதி உரித்து, விரல் சுட்டு, விட்டு, திரும்ப உரித்தால் நிழல் விழும்.

என்னென்ன தவறும், ஏன்?

எழுத்துக்குப் பக்கத்தில் இன்னொரு மங்கலான எழுத்து தெரிந்தால் சூட்டில் தாள் நகர்ந்திருக்கிறது. டேப் தளர்வு, அல்லது உரிக்கும்போது வழுக்கல்.

கறுப்பு பழுப்பாக வந்தால் சூடோ நேரமோ அதிகம். மொத்தப் படமும் வெளிறி வந்தால் குறைவு. இந்தப் பக்கம் கோடையில் மின்னழுத்தம் இறங்கும்போது இரண்டாவது கோளாறு வரும். திரையில் 190 என்று காட்டும், ஆனால் குளிர்ந்த மக்கை உள்ளே வைத்ததும் சூடு விழுந்து, பழைய நிலைக்கு ஏற நேரமெடுக்கும். நேரக் கணக்கு மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். முதல் ஐந்து மக்கும் கடைசி ஐந்து மக்கும் வேறு வேறு நிறத்தில் இருந்தால் இதுதான் காரணம். மாலை நேரத்தைத் தவிர்த்துக் காலையிலேயே அடிக்கச் சொல்லுங்கள்.

மேலும் கீழும் ஓரம் மட்டும் வெளிறினால் பிரஸ்ஸின் சூட்டுப் பட்டை மக்கின் முழு உயரத்துக்கும் எட்டவில்லை. அதற்கு மருந்து டிசைனில்தான் இருக்கிறது: ஓரம்வரை அடர்நிறம் நிரப்பாதீர்கள். சிறு சிறு நீல, மஞ்சள் புள்ளிகள் தூசியால் வருபவை. படம் திட்டுத்திட்டாக, ஈரம் பட்டதுபோல் இருந்தால் தாள் மழைக்கால ஈரத்தை உறிஞ்சியிருக்கிறது. ஐப்பசி கார்த்திகையில் தாளை டப்பாவில் மூடி வைக்காத கடைகளில் இது சகஜம்.

வெள்ளை மை என்று ஒன்று சப்ளிமேஷனில் கிடையாது. வெள்ளை வேண்டிய இடம் மக்கின் வெள்ளைதான். நிற மக்கில் வெள்ளை எழுத்து வேண்டும் என்றால் டீக்கலுக்குப் போங்கள்.

டீக்கல் மக் எப்படித் தயாராகிறது?

நிறப்பொடியால் அச்சிட்டு, மேலே கவர்கோட் என்ற மெல்லிய படலம் பூசிய தாளை வெதுவெதுப்பான தண்ணீரில் அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம்வரை ஊற விடுவார்கள். படலம் தாளிலிருந்து நழுவத் தொடங்கியதும் மக்கில் வைத்து, ரப்பர் துண்டால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தண்ணீரைத் தள்ளுவார்கள். ஓர் இரவு காயும். பிறகு சூளை. 400 டிகிரிவரை மெதுவாக, காற்றுத் துவாரத்தைத் திறந்து வைத்து ஏற்ற வேண்டும். கவர்கோட் எரிந்து புகையாகப் போவது அப்போதுதான். அவசரப்பட்டால் படம் கொப்பளிக்கும். 750 முதல் 850 டிகிரிக்குள் நிறத்துக்கேற்ற உச்சச் சூட்டில் கொஞ்ச நேரம் நிறுத்தி, மூடிய சூளையிலேயே ஆற விடுவார்கள்.

ஊசிமுனை ஓட்டைகள் தெரிந்தால் படலத்தின் அடியில் நீரோ காற்றோ மாட்டியிருந்தது என்று பொருள். சிவப்பு வெளிறியிருந்தால் சூளையில் மற்ற நிறங்களோடு சேர்த்து அதற்கும் அதிகச் சூடு கொடுத்துவிட்டார்கள். அதனால்தான் கல்லூரிக் கொடியில் சிவப்பு இருந்தால் முதலில் ஒரே ஒரு மக் சுட்டுக் காட்டச் சொல்ல வேண்டும்.

இன்னொன்றைக் கண்டிப்பாகக் கேளுங்கள்: நிறம் ஈயம், காட்மியம் கசியாததாகச் சோதித்ததா? பதில் எதுவாக இருந்தாலும், விளிம்பிலிருந்து 20 மில்லிமீட்டருக்குள் எந்த அச்சும் வேண்டாம். உதடு படும் இடம் அது.

தங்க விளிம்பு போடலாமா?

அழகுதான். மைக்ரோவேவில் வைத்தால் பொறி பறக்கும், தேய்த்துக் கழுவினால் போய்விடும். அலமாரியில் மட்டும் இருக்கப்போகும் மக்குக்குப் போடுங்கள்.

சூடு பட்டால் படம் தெரியும் மேஜிக் மக்?

கறுப்புப் பூச்சு சுமார் 45 டிகிரிக்கு மேல் நிறமிழந்து, கீழே உள்ள படம் தெரியும். குழந்தைகளுக்குக் குதூகலம். நினைவுப் பொருளுக்கு உதவாது, ஏனென்றால் அலமாரியில் அது எப்போதும் வெறும் கறுப்பு மக்தான். மே மாதம் வேலூர் வெயிலில் ஜன்னலோரம் வைத்தால் டீ ஊற்றாமலே கல்லூரி தெரியலாம்.

எத்தனை ஆர்டர் கொடுப்பது?

பணம் கட்டியவர் எண்ணிக்கையை எடுங்கள், "வர்றேன்" என்றவர் எண்ணிக்கையை அன்று. அதோடு நூற்றுக்கு ஐந்து கூடுதலாகச் சேருங்கள். உடைவது, அச்சு சரியில்லாதது, கடைசி நேரத்தில் வந்து நிற்கும் ஆசிரியர் எல்லாம் அதில் அடங்கும். வெறும் மக்குகள் பெரும்பாலும் 36 கொண்ட பெட்டியாக வருவதால் 36இன் மடங்கில் வாங்கினால் விலை படியும். மொத்தமாக அடிப்பதற்கு முன் ஒரு மாதிரி மக் வாங்கி, அதைப் பத்து நாள் வீட்டில் புழங்கிப் பாருங்கள். அதில்தான் எழுத்துப்பிழையும் கண்ணில் படும்.

சேகரிப்புக்கு உரியதாக ஆக்க எண் போட வேண்டுமா?

அடிப்பகுதியில் ஆண்டும் வரிசை எண்ணும் மொத்த எண்ணிக்கையும் போடுங்கள்: "2025, 17/144" என்பதுபோல். சுடாத மார்க்கர் பேனாவால் எழுதினால் ஒரு மாதத்தில் அழிந்துவிடும். டீக்கலிலேயே அச்சிட வேண்டும், அல்லது பெட்டிக்குள் எண்ணிட்ட அட்டை வைக்க வேண்டும். வருடம் ஒன்றாக வெளியிடும் திட்டம் இருந்தால் மக்கின் வடிவத்தையும் ஓரக் கோட்டின் நிறத்தையும் மாற்றவே மாற்றாதீர்கள். ஐந்தாவது வருடம் யாரோ "வேற மாடல் நல்லாயிருக்கே" என்று மாற்றி வரிசையைக் கெடுப்பதுதான் வழக்கமாக நடப்பது.

எப்படிக் கழுவுவது? டீக்கறை போகவில்லை.

சப்ளிமேஷன் மக்கின் வெளிப்பக்கத்துக்கு மெல்லிய ஸ்பாஞ்சும் திரவ சோப்பும் மட்டும். தேங்காய் நார், இரும்பு நார், பாத்திரம் தேய்க்கும் பொடி மூன்றும் பூச்சை அரிக்கும். வீட்டு வேலைக்கு வருபவரிடம் சொல்லி வைக்காவிட்டால் ஆறு மாதத்தில் கல்லூரி காணாமல் போகும். உள்ளே இருக்கும் கறைக்குச் சமையல் சோடாவைக் கொஞ்சம் தண்ணீரில் குழைத்துத் தடவி, கால் மணி நேரம் விட்டுத் துடைத்தால் போதும். ஃபிரிட்ஜில் இருந்து எடுத்த மக்கில் கொதிக்கும் டிகாக்ஷனை ஊற்றாதீர்கள், விரிசல் விடும்.

நேர் வெயில் சப்ளிமேஷனுக்கு எமன். மேற்கு ஜன்னல் பக்கம் அடுக்க வேண்டாம்.

வெளியூர், வெளிநாட்டு நண்பர்களுக்கு அனுப்ப முடியுமா?

மக் ஒவ்வொன்றும் முந்நூறு கிராமுக்கு மேல். முதலில் பிடியின் வளையத்துக்குள் தாளை உருட்டிச் செருகுங்கள். உடைவது பெரும்பாலும் அங்கேதான். பிறகு குமிழ் உறை மூன்று சுற்று, அதற்கு மேல் ஒற்றை மக் பெட்டி, அதற்கும் மேல் ஐந்து அடுக்கு அட்டைப் பெட்டி. இரண்டு பெட்டிக்கும் நடுவே எல்லாப் பக்கமும் இரண்டு விரல்கடை இடைவெளிக்குத் தாளைக் கசக்கித் திணியுங்கள். குலுக்கினால் சத்தம் வரக்கூடாது. ஒரு பெட்டியை இடுப்பு உயரத்திலிருந்து தரையில் போட்டுச் சோதித்த பிறகு மற்றவற்றைக் கட்டுங்கள். "உடையும் பொருள்" என்ற ஒட்டுத்தாளை மட்டும் நம்பி அனுப்புவது வீண்.

பழைய கல்லூரி மக் கிடைத்தால் நல்லதா என்று எப்படிப் பார்ப்பது?

பிடியை விரலில் தொங்கவிட்டு, விளிம்பை நகத்தால் மெதுவாகத் தட்டுங்கள். மணிபோல் நீண்டு ஒலித்தால் முழுசு. "டொக்" என்றால் எங்கோ முடி விரிசல் இருக்கிறது. அடுத்து விளிம்பைச் சுற்றி விரலை ஓட்டுங்கள், கண்ணுக்குத் தெரியாத சில்லு விரலுக்குத் தெரியும். மெருகில் சிலந்திவலைக் கோடுகள் இருந்தால் அது வயதால் வருவது. அலமாரியில் வைக்கலாம், குடிக்க வேண்டாம். படத்தின் ஓரத்தை நகத்தால் தடவும்போது மிக இலேசான மேடு தட்டினால் டீக்கல். ஒன்றுமே தட்டாமல் வழவழவென்று இருந்தால் பெரும்பாலும் சப்ளிமேஷன்.

வாசகத்தையும் பாருங்கள். "வேலூர் பொறியியல் கல்லூரி" என்று இருந்தால் 2001க்கு முந்தைய கதை. "வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம்" என்று இருந்தால் 1989க்கு முன் இருக்க வாய்ப்பே இல்லை.

இதற்கெல்லாம் விலை ஏறுமா?

ஏறாது. வாங்குவோர் எண்ணிக்கை அந்தக் கல்லூரியில் படித்தவர்களோடு முடிந்துவிடும். மக்குகளை ஒன்றுக்குள் ஒன்று அடுக்காமல், கொக்கியில் தொங்கவிடாமல், வரிசையாக நிற்க வையுங்கள். பெட்டி இருந்தால் அதையும் தட்டையாக மடித்து வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் முன், பின், அடி என மூன்று போட்டோ எடுத்து, யார் எந்தச் சந்திப்பில் கொடுத்தது என்று ஒரு வரி எழுதிச் சேர்த்துவிடுங்கள்.